ஏரி தாண்டி வெடித்த சரம்

2025 ஜூனில் நார்வே சதுரங்கப் போட்டியில் குகேஷிடம் தோற்ற நொடியில் மேக்னஸ் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்திய வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் முதலில் போட்டவர் பெரியப்பாதான். காய்கள் துள்ளுகின்றன. கார்ல்சன் உடனே கை கொடுக்கிறார், மன்னிப்பும் கேட்கிறார், போகிற போக்கில் குகேஷின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறார். குகேஷ் ஓரமாகப் போய் வாயில் கை வைத்தபடி நிற்கிறார். வீடியோவுக்குக் கீழே பெரியப்பா எழுதியிருந்தார்: "ஜெயிச்சும் எவ்வளவு அடக்கம் பாருங்க. நம்ம பையன்!" வரிசையாகக் கைகூப்பிய படங்கள் விழுந்தன. மேசையைக் குத்தியவர் தோற்றவர். எங்கள் குழுவில் அன்று முழுக்கப் பேசப்பட்டதோ வென்றவர் எப்படி நின்றார் என்பதைப் பற்றி.

அந்தப் பையனைப் பாராட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அதே வாக்கியத்தை, அதே குரலில், அதே பெரியப்பா வாயிலிருந்து அந்த வருடப் பொங்கல் கபடியின்போது கேட்டிருந்தேன். அன்றிலிருந்தே அது எனக்குச் செரிக்காமல் கிடந்தது. வீடியோ வந்தபிறகு இன்னும் மோசம்.

குகேஷிடம் எனக்குப் பிடித்தது வேறு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம். அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் தவறான இடத்தில் யானையை நகர்த்திவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்து எழுந்து போகிறார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். அழுதுகொண்டே பலகையில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்குகிறான். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்ததும் டிங்கைப் பற்றித்தான் முதலில் பேசினான். இரண்டு வருடமாக எவ்வளவோ தடுமாறிய மனிதர் இங்கே வந்து உண்மையான சாம்பியனைப்போல் போராடினார் என்றான். இதில் அவன் தன்னைக் குறைத்துச் சொன்னது ஒன்றுமில்லை. குழந்தையிலிருந்து கண்ட கனவு இது என்று சந்தோஷமாகவே சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தான், அவ்வளவுதான். தன்னைக் குறைத்துக்கொள்வதும் எதிராளியை மதிப்பதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்றுதான். எனக்கு இவை வேறு வேறு என்று புரிய ஒரு தக்காளி மண்டி தேவைப்பட்டது.

பொங்கல் இரவு

காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்துக்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். காணும் பொங்கல் அன்று இரவு கபடி. மண் ஆட்டம். தண்ணீர் லாரி கொண்டுவந்து மண்ணை நனைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் கட்டி, ஆட்டக்காரர்களின் படத்தைவிடப் பெரியதாக நன்கொடையாளர்கள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வைத்து, விடியற்காலை வரை நடக்கும். பெரியப்பா கமிட்டியில் பழைய ஆள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தபோது நல்ல வாலிபால் ஆடியவர். விளையாட்டைப் பற்றி அவர் பேசினால் நான் எதிர்த்துப் பேசுவது குறைவு.

ஃபைனலுக்கு வந்தது எங்கள் ஊர் டீமும், ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனி டீமும். எங்கள் டீமின் ஸ்டார் ஒருவர், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனவர், விடுமுறையில் வந்து ஆடுவார். ஒவ்வொரு புள்ளிக்கும் தொடையைத் தட்டுவார், கோட்டில் நின்று எதிர் டீமைப் பார்த்து மீசையை முறுக்குவார். கூட்டம் அலறும். மைக் பிடித்திருந்தவர் "சிங்கம்டா" என்பார். காலனி டீமில் ஒரு ஒல்லிப் பையன். பாடிப் போனால் மூன்றாவது எட்டிலேயே போனஸ் கோட்டைத் தாண்டிவிடும் கால். அரையிறுதியில் ஒரே ரைடில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தவன், வந்த வேகத்தில் ஒரு தடவை தொடையைத் தட்டினான். ஒரே தடவைதான். மைக்கில் உடனே குரல்: "தம்பி, ஆட்டத்தைக் காட்டுங்க, ஆட்டம் போடாதீங்க!" எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து தன் இடத்துக்குப் போனான். அதற்கப்புறம் ஃபைனல் முடியும்வரை அந்தக் கை தொடையில் படவில்லை.

எங்கள் ஸ்டாரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபைனலில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது அந்த ஒல்லிப் பையன் பாடி வந்து, எட்டிப் பார்த்து, திரும்பும்போது ஸ்டாரின் குதிகாலில் விரல் பட்டது. அம்பயர் பார்க்கவில்லை. லைன் அம்பயரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஸ்டார் தானாகக் கையைத் தூக்கினார், "டச்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். எங்கள் ஆட்களே அவரைத் திட்டினார்கள். மீசை முறுக்குகிற மனுஷன், தொடை தட்டுகிற மனுஷன், அடக்கம் என்ற சொல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மனுஷன். அன்றைக்கு மைதானத்தில் நடந்த மிக நேர்மையான காரியத்தை அவர்தான் செய்தார். அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் டீக்கடையில் கணக்குப் போடுகிறார்கள்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் காலனி டீம் ஜெயித்தது. விசில் ஊதியதும் ஸ்டார் கை கொடுக்காமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, லைட் விழாத பக்கமாக நடந்து போய்விட்டார். ஒருத்தரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாவம், மனசு உடைந்திருக்கும் என்றார்கள். மனசு உடைந்துதான் இருக்கும், அதை நானும் மறுக்கவில்லை. ஜெயித்தவர்கள் மேடைக்கு வந்தார்கள். சால்வை, சுழற்கோப்பை, கவர். கேப்டனிடம் மைக்கைக் கொடுத்தபோது "வாய்ப்பு கொடுத்த ஊர்ப் பெரியவங்களுக்கு நன்றி, எங்களைவிட அவங்கதான் நல்லா ஆடினாங்க" என்று இரண்டு வரி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பத்து நிமிடத்தில் டாடா ஏஸில் ஏறிக் கிளம்பிப் போனார்கள். வெடி இல்லை, பாட்டு இல்லை, விசில்கூட இல்லை. பெரியப்பா சேர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "ஜெயிச்சும் எவ்வளவு அடக்கம் பாத்தியாடா."

மண்டியில்

தை கழிந்து கொஞ்ச நாளில் பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எங்கள் தோட்டத்துக் காயை எடுத்துப் போயிருந்தேன். வழக்கம்போல விலை ஏறிய நாளில் காய் இல்லை, காய் இருந்த நாளில் விலை இல்லை. அது தனிக் கதை. பெங்களூர் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களில் அந்தக் கேப்டன் இருந்தான். நான் அடையாளம் கண்டு பேசினேன்.

"தம்பி, அன்னிக்குக் கப்பை வாங்கிட்டு சத்தமில்லாம கிளம்பிட்டீங்களே. ஊர்ல இன்னும் உங்க அடக்கத்தைத்தான் பேசறாங்க."

அவன் சிரித்தான். "அடக்கமெல்லாம் ஒண்ணும் இல்லைங்கண்ணா. வெடி வாங்கித்தான் வண்டியில வெச்சிருந்தோம். பெரிய சரம். ஏரி தாண்டினதும் வெச்சோம். விடியற வரைக்கும் மேளம். எங்கம்மாகூட ஆடுச்சு."

"அங்கியே கிரவுண்டுலயே வெச்சிருக்கலாமே?"

தோளிலிருந்த பெட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதாங்கண்ணா?" என்றான்.

பிறகு அவனாகவே சொன்னான். அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வெளி ஊருக்கு ஆடப் போகும்போது கேட்ச் எப்படிப் போடுவது என்பதோடு இன்னொரு பாடமும் நடத்துவாராம். ஆட்டம் முடிந்ததும் டீ-ஷர்ட்டை மாற்றிவிட வேண்டும். தொடை தட்டக் கூடாது. மேடையில் எதிர் டீமைப் புகழ்ந்து இரண்டு வரி, அதற்குமேல் பேசக் கூடாது. வண்டி ஏரி தாண்டும்வரை பாட்டுப் போடக் கூடாது. எப்போதோ ஒரு ஊரில் ஜெயித்த டீம் மெயின் ரோட்டில் மேளத்தோடு போய், அது கைகலப்பாகி, கேஸாகி, இரண்டு பையன்களுக்குப் போலீஸ் வேலைக்கான சரிபார்ப்பு வரை இழுத்திருக்கிறது. அதனால் இந்தப் பாடம். அந்த மேடைப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. "எங்களைவிட அவங்கதான் நல்லா ஆடினாங்க." மனப்பாடம் செய்த வரி.

நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. தர்மபுரி மாவட்டத்தில் எந்தத் தெரு வழியாக மேளம் போகலாம், எந்தத் தெருவில் மேளம் நின்றுவிட வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை ஒரு கபடிக் கோப்பையோடு சேர்த்து யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஜோ லூயிஸுக்குப் போட்ட விதிகள்

அந்த அண்ணனின் பாடம் புதியதும் இல்லை, நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1908இல் ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியனான முதல் கறுப்பர் ஆனார். ஜெயித்தால் சிரிப்பார், எதிராளியைக் கிண்டல் செய்வார், நல்ல உடை போட்டுக்கொண்டு கார் ஓட்டுவார். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜிம் ஜெஃப்ரீஸை அவர் தோற்கடித்தபோது அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், உயிர்கள் போயின. 1915இல் அவர் பட்டத்தை இழந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேறெந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்பே தரப்படவில்லை.

பிறகுதான் ஜோ லூயிஸ் வந்தார். அவருடைய மேலாளர் ஜான் ராக்ஸ்பரோ, அவரும் கறுப்பர், பையனுக்குச் சில விதிகளைப் போட்டார். வீழ்ந்த எதிராளியைப் பார்த்து ஒருநாளும் கொண்டாடக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாக இரவு விடுதிக்குப் போகக் கூடாது. கேமரா முன்னால் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. வெளியுலகின் கண் முன்னால் லூயிஸ் அதைக் காப்பாற்றினார். 1937இல் பட்டம் வாங்கி ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், 25 முறை அதைத் தக்கவைத்தார். பத்திரிகைகள் அவருடைய அமைதியைக் கொண்டாடின. ஏரிக்கு அந்தப் பக்கத்து அண்ணனுக்கு ராக்ஸ்பரோ யாரென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாமலே ஏறக்குறைய அதே பட்டியலைப் போட்டு வைத்திருக்கிறார்.

இதைப் படித்த பிறகுதான் முகமது அலி ஏன் அவ்வளவு கத்தினார் என்பது எனக்கு உறைத்தது. 1964இல் சன்னி லிஸ்டனை வென்ற இரவு வளையத்துக்குள் நின்று உலகத்தையே உலுக்கிவிட்டதாக அவர் கூவியது, லூயிஸால் கூவ முடியாமல் போனதையும் சேர்த்துத்தான். ஆனால் அலியை முழுவதுமாகத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. 1975இல் மணிலா சண்டைக்கு முன்னால் ஜோ ஃப்ரேசியரைக் கொரில்லா என்று ஊர் ஊராகக் கேலி பேசினார். பட்டம் பறிபோய்க் கிடந்த நாட்களில் தனக்குக் கைகொடுத்தவரையே அப்படிப் பேசினார். ஃப்ரேசியருக்கு அந்தக் காயம் ஆறவே இல்லை. மேலே இருப்பவனைப் பார்த்துத் தொடை தட்டுவதும், கூட ஆடியவனைப் பார்த்துக் காறித் துப்புவதும் எனக்கு ஒரே கணக்கில் வராது.

வெடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் அரையிறுதியில் தோற்றது. அன்று ஹரித்துவார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் வந்து வெடி வெடித்து ஆடினார்கள், சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். சில நாள் முன்னால்தான் வந்தனா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். ஜெயித்தவர்கள் தங்கள் வெடியை ஏரி தாண்டி எடுத்துப் போகிறார்கள். தோற்றவளின் வாசலுக்கோ வெடி தானாக வந்து சேர்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு வீரர்களிடம் போய் அடக்கம் கேட்பதற்கு நமக்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

பக்கத்து மாவட்டத்து இரண்டு பேர்

எங்களுக்குத் தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, சின்னப்பம்பட்டி நடராஜன். இரண்டு பேரைப் பற்றியும் எழுதுகிறவர்கள் தவறாமல் "மாறாத எளிமை" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். மாரியப்பன் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். டோக்கியோவில் மழை. வெள்ளி வாங்கியபிறகு அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாதித்த காலின் சாக்ஸ் நனைந்து தாண்டுவது கடினமாகிவிட்டது, இல்லையென்றால் தங்கமே வாங்கியிருப்பேன் என்றார். எளிமைக் கட்டுரைகளில் இந்த வரி அவ்வளவாக வராது. தன் கால் எவ்வளவு தாண்டும் என்று தெரிந்த ஒருவர் அதை அப்படியே சொன்னார். தங்கம் வாங்கிய அமெரிக்காவின் சாம் க்ரூவைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு இது போதும்.

நடராஜன் கதை இன்னும் சுவையானது. வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுகிறவராக இந்தியக் கிரிக்கெட் அணியோடு ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி, 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேனில் ஜெயித்த அணியில் இருந்தார். கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கி நேராக நடராஜன் கையில் கொடுத்தார். அந்தப் படம் எங்கள் பக்கத்து எல்லாச் சலூனிலும் இருந்தது. அதே மேடையில் ரஹானே செய்த இன்னொன்றைச் சலூன்கள் மாட்டவில்லை. நூறாவது டெஸ்ட் ஆடிய எதிரணி நேதன் லயனைக் கூப்பிட்டு, இந்திய வீரர்கள் எல்லாரும் கையெழுத்திட்ட சட்டையைக் கொடுத்தார். மும்பை திரும்பியதும் கங்காரு பொம்மை வைத்த கேக்கை வெட்டவும் மறுத்துவிட்டார். முப்பத்தாறு ரன்னில் சுருண்டு, அவமானப்பட்டு, அங்கிருந்து எழுந்து ஜெயித்த அணியின் கேப்டன் அவர். கத்துவதற்கு எல்லா உரிமையும் இருந்தது, பக்கத்தில் கத்தச் சொல்லும் ஆட்களும் இருந்தார்கள். ரஹானே கேக்கை வெட்டாததும் காலனி டீம் கேப்டன் பாட்டுப் போடாததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரஹானே கேக்கை வெட்டியிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அப்படி ஒன்றும் ஆகாத இடத்தில் இருப்பவருக்கும் ஒருநாள் ஆகும் என்பதற்கு நீரஜ் சோப்ரா இருக்கிறார். 2023இல் புடாபெஸ்டில் ஈட்டி எறிதலில் உலக சாம்பியனானதும் இரண்டாவது வந்த பாகிஸ்தானின் அர்ஷத் நதீமைக் கை நீட்டிக் கூப்பிட்டுப் படத்துக்கு நிறுத்திக்கொண்டார். அடுத்த வருடம் பாரிஸில் அர்ஷத் 92.97 மீட்டர் எறிந்து தங்கம், நீரஜ் 89.45 எறிந்து வெள்ளி. தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்றார் நீரஜின் அம்மா. எங்கள் வாட்ஸப் குழு அன்றைக்கு உருகி ஓடியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல் நடந்தபோது, அதற்கு முன்பே அர்ஷத்தைத் தன் போட்டிக்கு அழைத்திருந்ததற்காக அதே நீரஜையும் அவர் அம்மாவையும் நாடே வைதது. எங்கள் குழுவும் அமைதியாக இல்லை. அவர் தன் நாட்டுப்பற்றை விளக்கி அறிக்கை விட வேண்டி வந்தது. அப்போது பெரியப்பா என்ன பார்வர்டு செய்தார் என்பதை இங்கே எழுதினால் குடும்பத்தில் சண்டை வரும்.

கமிட்டி

இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, ஃபைனல் விசில் ஊதியதும் இரண்டு டீமும் கோட்டில் நின்று கை கொடுத்த பிறகே பரிசளிப்பு. இன்னொன்று, ஜெயிக்கிற டீம் யாராக இருந்தாலும் கமிட்டியே கிரவுண்டில் ஒரு சரம் வைக்க வேண்டும், அந்த டீமின் வண்டியை மேளத்தோடு ஊர் எல்லை வரை அனுப்பி வைக்க வேண்டும். முதலாவதுக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டாவதுக்குக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் வெடிக்குப் போலீஸ் பர்மிஷன் வேண்டும் என்றார். ஒருவர் பட்ஜெட் என்றார். மேளம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவருக்கு மட்டும் என்னால் மரியாதையாகப் பதில் சொல்ல முடிந்தது. மெயின் ரோடு வழியாகத்தான் என்றேன். பெரியப்பா கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "சரத்துக்கு நான் தரேன். மேளத்தை அப்புறம் பேசலாம்" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேளம் இன்னும் முடிவாகவில்லை, நானும் விடுவதாக இல்லை.

மண்டியில் அந்தக் கேப்டனைப் பார்த்து இதைச் சொன்னேன். அவனுக்கு அதில் பெரிய ஆர்வம் வந்ததாகத் தெரியவில்லை. "சரிங்கண்ணா, வெக்கட்டும். முதல்ல நாங்க ஃபைனலுக்கு வரணுமில்ல? எங்க லெஃப்ட் கார்னர் பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டான். பொங்கலுக்கு லீவு தர மாட்டேங்கறாங்களாம். உங்களுக்கு அங்க யாரையாவது தெரியுமாங்கண்ணா, ஒரு நாலு நாள் லீவு சொல்லி வாங்கித் தர?"